புதிய வண்டியா? பழைய வண்டியா?

மலையும் அருவியும், அணையும் ஆறும், வயலும் குளமும், தேரி மணலும் கடலும் ஆகிய இத்தனையையும் ஒரே நாள் பயணத்தில் கண்டு திரும்பக்கூடிய நிலம் உலகில் எத்தனை இடங்களில் இருக்கும்? பொதிகையில் பிறக்கும் நம் தாமிரபரணித் தாய் ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நடந்து புன்னைக்காயலில் கடலோடு கலந்துவிடுகிறாள். காலையில் பாபநாசத்தில் குளித்தவர் மாலையில் மணப்பாட்டுக் கடற்கரையில் கால் நனைக்கலாம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, விடுமுறை நாள்களை வீட்டுக்குள்ளேயே கழிப்பது இறைவன் விரித்து வைத்த புத்தகத்தை மூடியே வைப்பது போலன்றோ?

ஊர் சுற்ற ஆசை இருந்தால் போதுமா? வண்டி வேண்டும். வண்டி வேண்டுமென்றால் பணம் வேண்டும். பணம் இருந்தாலும் புத்தி வேண்டும்! 2025 கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த பெரிய ஆலோசனை இதைப் பற்றித்தான். இரட்டைப் பிள்ளைகளான நாங்கள் அதில் கற்றுக்கொண்டதைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் வீட்டில் ஆறு பேர். அப்பா, அம்மா, ஆச்சி, செவிலியர் கல்லூரியில் படிக்கும் அக்கா, நாங்கள் இருவர். அதுவரை எங்கள் பயணமெல்லாம் பேருந்தில்தான். ஆனால் ஆச்சிக்கு முழங்கால் வலி வந்தபின் பேருந்துப் படி ஏற முடியவில்லை. ஆச்சி வராத பயணம் உப்பில்லாத சோறு. ஆகவே ஒரு வண்டி வாங்குவதென்று அப்பா முடிவு செய்தார்கள். பல ஆண்டுச் சேமிப்பாக ஆறரை லட்சம் ரூபாய் கையில் இருந்தது. புதிது வாங்குவதா, ஒருவர் ஓட்டியதை வாங்குவதா என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

போகும் வழியைப் பார்

நாங்கள் இருவரும் முதலில் கேட்டது, விளம்பரங்களில் பாறைமேல் ஏறி நிற்கிறதே, அந்த நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பைத்தான். அப்பா மறுக்கவில்லை. ஒரு தாளை எடுத்து, "நாம் போக நினைக்கும் இடங்களை எழுதுங்கள்" என்றார்கள். பாபநாசம், மணிமுத்தாறு, குற்றாலம், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், உவரி அந்தோனியார் கோவில், மணப்பாடு, குதிரைமொழித் தேரி என்று எழுதினோம். "இவற்றில் தார்ச்சாலை போகாத இடம் எது?" என்று கேட்டார்கள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. தேரி மணலில் நடக்கத்தான் போகிறோம்; அதன்மேல் வண்டியை ஓட்டப் போவதில்லை.

மேற்கு மலைக்காடோ புலிகளின் இல்லம். முண்டந்துறை, களக்காடு என்று தனித்தனியே இருந்த இரு சரணாலயங்களை இணைத்து, 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக ஆக்கினார்கள். அங்கே வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டி நம் விருப்பம்போல் வண்டியை விட முடியாது, விடவும் கூடாது. ஓடையைக் கலக்கி, புல்லை நசுக்கி ஓட்டுவதற்குச் சாகசம் என்று பெயர் வைக்கலாம். ஓடையில் வாழும் மீனைக் கேட்டால் வேறு பெயர் சொல்லும்! வண்டி நிற்கும் இடத்திலிருந்துதான் உண்மையான காட்டு நடை தொடங்குகிறது. அந்த இடம்வரை ஆறு பேரையும் சோற்றுப் பாத்திரத்தையும் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் வண்டியே எங்களுக்குத் தேவை என்று தெளிந்தோம். தரையிலிருந்து சற்று உயர்ந்து, ஏற்றத்தில் மூச்சு வாங்காமல், உள்ளூர்ப் பட்டறையில் பழுது பார்க்கக்கூடியதாக இருந்தால் போதும்.

பேனாவும் தாளும்

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கப் பணம் இருக்கிறதா என்று கணக்குப் பார்ப்பார் என்று ஆண்டவர் சொன்ன உவமையை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தக் கணக்கு நடந்தது. புதிய வண்டிக்கு ஷோரூமில் தந்த தாளை அம்மா விரித்தார்கள். மேலே ஒரு விலை. அதற்குக் கீழே வரி, பதிவு, காப்பீடு. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் மாற்றியமைத்த விகிதப்படி, 5 முதல் 10 லட்சம்வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 விழுக்காடு. 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம்வரை 18 விழுக்காடு. எல்லாம் கூட்டியபோது பதினொன்றரை லட்சத்தில் வந்து நின்றது.

கையிலிருப்பதுபோக 5 லட்சம் கடன் வாங்க வேண்டும். ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி, ஐந்து ஆண்டுத் தவணை என்று வைத்துக் கணக்கிட்டோம். மாதத் தவணை ஏறத்தாழ 10,400 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் வட்டி மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 23 ஆயிரம்! அம்மா எதுவும் பேசவில்லை. அக்காவின் கல்லூரிக் கட்டணத்துக்காக மாதந்தோறும் எடுத்து வைக்கும் தொகையும் ஏறத்தாழ அதேதான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அக்கா மட்டும் சிரித்துக்கொண்டே, "நான் வேண்டுமானால் ஒரு வருஷம் வீட்டில் இருக்கிறேன், நீங்கள் அருவிக்குப் போய்வாருங்கள்" என்றாள். அதைக் கேட்டபின் புதிய வண்டியின் பளபளப்பு எங்கள் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கிவிட்டது.

மற்றொரு கணக்கும் பார்த்தோம். காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் குறைத்துக்கொண்டே போகும் அட்டவணை ஒன்று உண்டு. ஆறு மாதத்துக்குள் 5 விழுக்காடு, ஓராண்டுக்குள் 15, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றில் 30, நான்கில் 40, ஐந்தில் 50. அதாவது ஐந்தாண்டில் பாதி மதிப்பு காற்றோடு போய்விடுகிறது. அந்தப் பாதியை முதலில் வாங்கியவர் கொடுத்துவிட்டார். அடுத்து வாங்குகிறவர் மீதிப் பாதிக்கு வண்டியைப் பெறுகிறார்.

ஆனால் இக்கணக்கு எங்கள் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரியை 18 விழுக்காடாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே இனி வாங்குவோர் புதிய தாளில் புதிய கணக்குத்தான் போட வேண்டும்.

அம்மாவின் வழக்கு

பழைய வண்டிதான் என்று நாங்கள் ஏறக்குறைய முடிவு கட்டியபோது அம்மா ஒரு தடை போட்டார்கள். "மலைப்பாதையில் விலை மலிவு காப்பாற்றாது; பிரேக்தான் காப்பாற்றும்!" என்றார்கள். உண்மைதானே? புதிய வண்டிக்காக வாதாட வேண்டியவை பல உண்டு. அதன் முந்தைய வாழ்க்கையைப் பற்றி யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு உத்தரவாதம் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படிதான் வண்டிகள் விற்கப்படுகின்றன. டீசலில் உள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்ற அளவிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புதிய வண்டியின் புகை நம் காட்டுக்கும் நுரையீரலுக்கும் குறைந்த தீங்கே செய்யும். 'இறைவா உமக்கே புகழ்' என்று 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடலைப் படித்தவர்கள் இதை அலட்சியம் செய்ய முடியாது. எனினும், ஓடிக்கொண்டிருக்கும் நல்ல வண்டியை ஒதுக்கிவிட்டு இன்னொன்றைச் செய்யவும் இரும்பும் மின்சாரமும் செலவாகின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

அம்மாவின் கவலைக்கு அப்பா ஒரு விடை கண்டுபிடித்தார்கள். 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் எல்லாக் கார்களிலும், திடீரென்று பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயமாயிற்று. அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்குக் காற்றுப்பை, வேகம் மிஞ்சினால் ஒலிக்கும் மணி, இருக்கைப் பட்டை போடாவிட்டால் எச்சரிக்கும் மணி, பின்னோக்கி எடுக்கும்போது தடை இருந்தால் உணர்த்தும் கருவி ஆகியவை கட்டாயமாயின. "அப்படியானால் 2019 ஜூலைக்குப் பின் செய்த வண்டியாக மட்டும் பார்ப்போம்" என்றார்கள். அம்மாவும் சம்மதித்தார்கள். பழையது என்றாலும் எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு கோடு வேண்டும் என்று அன்று கற்றோம்.

பழையது என்றால் இழிவா?

எங்கள் வகுப்பில் சிலர், "பழைய வண்டியா வாங்கப் போகிறீர்கள்?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்களுக்கு இரண்டு செய்திகள். எல்லாரும் ஆசைப்படும் ஜீப் இரண்டாம் உலகப் போருக்காகப் பிறந்தது. போர் முடிந்தபின் மிச்சமான ராணுவ ஜீப்புகளே பலநாட்டு மக்களின் கைக்கு வந்தன. நம் நாட்டில் மகேந்திரா நிறுவனம் 1945இல் தொடங்கி, பின்னர் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. இன்றைய தார், பொலிரோ எல்லாம் அந்த மரபில் வந்தவையே.

இரண்டாவது செய்தி இன்னும் இனிமையானது. 2013 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ், குருமாணவர்களிடமும் நவசந்நியாசிகளிடமும் பேசும்போது, குருக்களும் துறவியரும் புத்தம்புது மாடல் கார்களில் போவதைக் கண்டு தம் மனம் நோவதாகச் சொல்லி, எளிய வண்டியைத் தேர்ந்துகொள்ளும்படி அறிவுறுத்தினார். அதே ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் வெரோனா நகரைச் சேர்ந்த ஒரு முதிய குரு, 1984ஆம் ஆண்டில் செய்த தம் ரெனோ 4 காரை அவருக்குக் காணிக்கையாகத் தந்தார். அது மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார்! திருத்தந்தை மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டார். உலகத் திருச்சபையின் தலைவருக்கு இழிவாகத் தோன்றாதது நமக்கு எப்படி இழிவாகும்?

தாமிரபரணி போட்ட கோடு

ஆச்சிக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மாட்டைப் பற்றி எல்லாம் தெரியும். "ஏ பிள்ளைகளா, மேலப்பாளையம் சந்தையில மாடு வாங்கப் போனா பல்லப் பாப்பாவ, சுழியப் பாப்பாவ, நடக்கவிட்டுப் பாப்பாவ. நீங்க வண்டிக்கு எதப் பாப்பியோ?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி! எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் விடை சொன்னார். எஞ்சின் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடு. குளிர்ந்த எஞ்சினைத்தான் நம் கண்முன்னே கிளப்ப வேண்டும். கரும்புகை எரிபொருள் சரியாக எரியாததையும், நீலப்புகை ஆயில் எரிவதையும், நிற்காத வெண்புகை உள்ளே தண்ணீர் கசிவதையும் காட்டும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களைப் படி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியையும் மறக்காதே. இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொது.

நம் ஊருக்கென்று ஒரு சோதனை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யார் மறப்போம்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு கரை மீறி ஊருக்குள் வந்தது. வீடுகள் மூழ்கின, தெருவில் நின்ற வண்டிகளும் மூழ்கின. வெள்ளம் வடிந்தது. ஆனால் வண்டிக்குள் புகுந்த வண்டல் அவ்வளவு எளிதில் போவதில்லை. கம்பி முனைகளில் பச்சை பூக்கும். இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளம் துருப்பிடிக்கும். ஓராண்டு கழித்து மலை வளைவில் விளக்கோ பிரேக்கோ கைவிடும். "இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்" என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

நகரில் ஓரிடத்தில் ஒரு வண்டி பார்த்தோம். கண்ணாடிபோல் மினுங்கியது, உள்ளே மல்லிகை மணம். "ஒரே டாக்டர் ஓட்டிய வண்டி, மழையில்கூட நனையாதது" என்றார் விற்பவர். அப்பா முன்னால் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் பின்னால் ஏறி ஆளுக்கொரு பட்டையைப் பிடித்து இழுத்தோம். வழக்கமாக நாம் இழுக்கும் நீளத்துக்குக் கறுப்பாகச் சுத்தமாக வந்த பட்டை, அதற்குமேல் இழுத்தபோது பழுப்பாக வந்தது. பட்டையின் குறுக்கே ஒரு வண்டல் கோடு. தொட்டபோது விரலில் மண் ஒட்டியது. இரண்டு பட்டையிலும் கோடு ஒரே உயரத்தில்! நாங்கள் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். அப்பா பார்த்தார்கள், விற்பவரும் பார்த்தார். யாரும் உரக்கப் பேசவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. எட்டாம் கட்டளையை மீறுவது என்றால் நீதிமன்றத்தில் பொய் சொல்வது என்றே நினைத்திருந்தோம். மல்லிகை வாசனை தெளித்து மறைப்பதும் பொய்ச் சான்றுதானே? அந்த வண்டியில் எங்களைப் போல் ஒரு குடும்பம் ஏறி மணிமுத்தாற்று மலைப்பாதையில் இறங்கினால் என்ன ஆகும்?

குறையை முதலில் சொன்னவர்

ஒரு வாரம் கழித்து, ஏரல் பக்கத்தில் வாழைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தம் பொலிரோவை விற்கப் போவதாக அறிந்து போனோம். 2019 கடைசியில் செய்த வண்டி. கதவைத் திறக்குமுன் அவர் சொன்ன முதல் சொல், "அம்மா, இது வெள்ளத்தில் நின்ற வண்டி" என்பதுதான்! திகைத்துப் போனோம். மேடான களத்தில் நின்றதால் தண்ணீர் பாதிச் சக்கரம் வரைதான் ஏறியது என்று சொல்லி, களத்துச் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைக் காட்டினார். உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். சக்கர பேரிங் மாற்றியது, பிரேக் பிரித்துச் சுத்தம் செய்தது, கியர் ஆயிலும் பின் ஆக்சில் ஆயிலும் மாற்றியது என்று ஒவ்வொன்றுக்கும் ரசீது இருந்தது. இடதுபக்கக் கதவில் மாடு முட்டிய பள்ளத்தையும் அவரே காட்டினார். நாங்கள் பட்டையை இழுத்துப் பார்த்தோம், கடைசிவரை கறுப்பு. மெக்கானிக் அண்ணன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, பெரியவர் சொன்னதைத் தவிர வேறு குறை இல்லை என்றார்.

அவர் கேட்டது ஆறேகால் லட்சம். பேசி ஐந்து லட்சத்து எண்பதாயிரத்தில் முடிந்தது. "எங்கள் பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள், இந்த வண்டி சும்மா நிற்பதைப் பார்க்க முடியவில்லை" என்று சொல்லி, சாவியை ஆச்சியின் கையில் கொடுத்தார். ஒரே வெள்ளம் தொட்ட இரண்டு வண்டிகள். ஒன்றில் கோட்டை மறைத்தார்கள். மற்றொன்றில் கோட்டை விரல் வைத்துக் காட்டினார்கள். நாங்கள் விலை கொடுத்தது வண்டிக்கு மட்டுமல்ல என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

யானைக்கு அங்குசம்

யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை நம் ஊரில் உண்டு. பழைய வண்டி வாங்குவோர் கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடக் கூடாது. மிஞ்சிய எழுபதாயிரத்தில் அப்பா முதலில் நான்கு புதிய டயர் போட்டார்கள். டயர், பிரேக் கட்டை, இருக்கைப் பட்டை ஆகிய மூன்றிலும் பழையது வேண்டாம் என்பது அம்மாவின் சட்டம். காகித வேலையும் உண்டு. வண்டிமேல் கடன் இருக்கிறதா, அபராதம் பாக்கியா, காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்பவற்றை அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். படிவம் 29, படிவம் 30 கொடுத்து ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்ற வேண்டும். பழைய கடன் தீர்ந்திருந்தால் படிவம் 35. காப்பீட்டையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றிக்கொள்வது அவசியம்.

பழையதை ஓடவைக்கும் கைத்திறன் நம் மண்ணுக்குப் புதிதன்று. நம் திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், 1912இல் மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, வண்டிகளை நிறுத்திவிடாமல், வாயுவால் ஓடவைக்கும் கருவியைச் செய்து கொடுத்தார். இருப்பதைக் கொண்டு ஓடும் வழி காண்பவரே பயணி.

எங்கள் பங்குத் தந்தை வண்டியை மந்திரித்து, பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்டோபரின் சிறு சுரூபம் ஒன்றைத் தந்தார். "புனிதர் காப்பாற்றுவார் என்று வேகமாகப் போகாதீர்கள், மலை ஏறிய கியரிலேயே இறங்குங்கள்" என்றும் சொன்னார்! ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை முதன்முதலாகப் பாபநாசம் போனோம். பல ஆண்டுக்குப் பின் ஆச்சி படித்துறையில் உட்கார்ந்து ஆற்றில் கால் வைத்தார்கள். மீன்கள் வந்து பாதத்தைக் கொத்த, ஆச்சி சிறுபிள்ளைபோல் சிரித்தார்கள். அக்கா அன்று வரவில்லை. கல்லூரியில் அவளுக்குத் தேர்வு!

தோழியரே! உங்கள் வீட்டில் பணம் தாராளமாக இருந்து, நீண்ட காலம் ஓட்டும் எண்ணமும் இருந்தால் புதியதையே வாங்குங்கள், தவறில்லை. கடன் வாங்கித்தான் புதிது என்றால், அந்தத் தவணையில் வீட்டில் யாருடைய பங்கு கரைகிறது என்று முதலில் பாருங்கள். பழையது வாங்கினால் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். நாளை நீங்களே ஒரு வண்டியை விற்கும்போது, கதவைத் திறக்குமுன் அதன் குறையைச் சொல்லுங்கள். அந்த ஏரல் பெரியவருக்கு எங்கள் வீட்டுச் செபமாலையில் தினமும் ஓர் அருள்நிறை மரியே உண்டு.